போலி முனையத்தில் ஒரு படகு: சி நிரலில் பிழைகளை அறிகுறி வாரியாகக் கண்டு நீக்கும் வழிமுறை

மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகளுக்கான எல்லை எச்சரிக்கை நிரலை எழுதுபவர், அதை உண்மையான இடத்தில் வைத்துச் சோதிக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையை விட்டு அகலுவதில்லை. மற்ற நாட்களிலும், 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வகுத்த கடல் எல்லைக்கோட்டை நெருங்கும்போது மணி அடிக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் ஒருவர் தம் படகை அங்கே ஓட்டிச் செல்லச் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. ஆகவே ஜிபிஎஸ் கருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போலி முனையத்தை வைக்கிறோம்; மாஸ்டர், ஸ்லேவ் என்ற இரு முனைகளுடன், உண்மையான முனையம் போல நடிக்கும் கெர்னல் ஏற்பாடு அது. போலி ஜிபிஎஸ் நிரல் அதன் மாஸ்டர் முனையில் இருப்பிடச் செய்திகளை எழுதும். எல்லை மணி நிரல் ஸ்லேவ் முனையை ஒரு சீரியல் போர்ட் என்று நம்பித் திறந்து படிக்கும்.

இந்த ஏற்பாட்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை, போலி முனையத்தை ஒரு பைப் (இரு செயல்முறைகளை இணைக்கும் எளிய தரவுக் குழாய்) என்று எண்ணிவிடுவதால் வருபவை. பைப் தன்னிடம் வந்த பைட்டுகளை அப்படியே கொடுக்கும். போலி முனையத்திலோ, இரு முனைகளுக்கும் நடுவில் கெர்னலின் லைன் டிசிப்ளின் என்ற இடை அடுக்கு நின்றுகொண்டு, விசைப்பலகையில் ஒரு மனிதர் தட்டச்சு செய்கிறார் என்ற கணக்கிலேயே ஒவ்வொரு பைட்டையும் பார்க்கிறது. எனவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது: லைன் டிசிப்ளின் பைட்டுகளை மாற்றிவிட்டதா? எந்த முனையை எந்தச் செயல்முறை இன்னும் திறந்து வைத்திருக்கிறது? முதல் கேள்விக்கு முனைய அமைப்பைக் காட்டும் எஸ்டிடிஒய் கட்டளையும், இரண்டாவதற்கு ப்ராக் அடைவில் அந்தச் செயல்முறையின் எண்ணுக்குக் கீழே உள்ள எஃப்டி பட்டியலும் (அது திறந்து வைத்திருக்கும் டிஸ்கிரிப்டர்கள், அதாவது கோப்பு எண்கள்), இரண்டுக்கும் சேர்த்து, கெர்னல் அழைப்புகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ரேஸும் விடை தரும். கீழே சொல்பவை லினக்ஸுக்கு உரியவை. பிற யூனிக்ஸ்களில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன்.

முதல் ஓட்டத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட்

மாஸ்டரைத் திறந்து ஸ்லேவைத் தயார்செய்யும் போசிக்ஸ்_ஓபன்பிடி, கிராண்ட்பிடி, அன்லாக்பிடி ஆகிய மூன்றும் வெற்றி பெற்று, பிடிஎஸ்நேம் தந்த ஸ்லேவின் பெயரை அச்சிடும் வரியில் நிரல் விழுந்தால், காரணம் பெரும்பாலும் அந்த வரியில் இல்லை; கோப்பின் தலைப்பில் இருக்கிறது. பிடிஎஸ்நேமின் அறிவிப்பு ஸ்டேண்டர்டு லைப்ரரியின் ஹெடரில் இயல்பாக வெளிப்படுவதில்லை. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர்கள் எடுத்துக்கொள்வதால், 64 பிட் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டு, எங்கோ சுட்டும் ஒரு பாயின்டர் மிஞ்சுகிறது. முதல் ஹெடருக்கு முன்பே _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் என்ற மேக்ரோவுக்கு 600 என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டால் இது தீரும். ஜிசிசி 14-லிருந்து இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நிறுத்தப்படுகிறது. படகில் வைக்கும் சிறிய கணினிகளில் பழைய கம்பைலர் இருப்பது வழக்கம் என்பதால், எச்சரிக்கைகளைப் படிக்காமல் கடந்துபோவது இங்கே விலை கேட்கும்.

போலி முனையத்தைத் திறந்து அதற்குள் ஒரு சேய்ச் செயல்முறையையும் தொடங்கும் ஃபோர்க்பிடிஒய் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொன்னால், ஜிலிப்சி 2.34-க்கு முந்தைய பதிப்புகளில் யூடில் நூலகத்தையும் இணைக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்க. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஸ்லேவ் முனை திறக்க மறுக்கிறது

திறக்கும்போது இஐஓ (உள்ளீடு-வெளியீட்டுப் பிழை) வந்தால், அன்லாக்பிடி அழைக்கப்படவில்லை, அல்லது அதன் தோல்வியை நிரல் கவனிக்கவில்லை. அனுமதி இல்லை என்ற பிழை வந்தால், போலி ஜிபிஎஸ் நிரலை சூடோ வழியாக ரூட் பயனராக ஓட்டியிருப்பீர்கள். மாஸ்டரைத் திறந்தவரே ஸ்லேவின் உரிமையாளர் ஆவதால், சாதாரணப் பயனராக ஓடும் மணி நிரலால் அதைத் திறக்க முடியாது. அனுமதிகளைத் தளர்த்துவதைவிட, இரண்டையும் ஒரே பயனராக ஓட்டுவது மேல். போலி முனையம் திறப்பதற்கு ரூட் உரிமை தேவையே இல்லை.

அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வந்தால், நிரல், தனக்கென வேறொரு கோப்பு மரத்தைக் காணும் சிரூட் அல்லது கன்டெய்னர் ஒன்றுக்குள் இருக்கக்கூடும். லினக்ஸ் 4.7-லிருந்து, ஸ்லேவ்களின் பெயர்கள் இருக்கும் டெவ்பிடிஎஸ் என்ற கோப்பு முறைமை ஒவ்வொரு முறை மவுன்ட் ஆகும்போதும் தனித்தனிப் படிவமாக இருப்பதால், ஒன்றில் பெற்ற /டெவ்/பிடிஎஸ்/5 என்ற பெயர் மற்றொன்றில் வெறும் பெயர்தான். கெட்ட நேரமாக அங்கே வேறொருவரின் 5 இருந்தால் அதைத் திறந்தும் விடுவீர்கள். லினக்ஸ் 4.13-லிருந்து, டிஐஓசிஜிபிடிபியர் என்ற ஐஆக்டில் (சாதனத்துக்கு இடும் கட்டளை அழைப்பு) மாஸ்டர் டிஸ்கிரிப்டரிலிருந்தே ஸ்லேவைத் திறந்து தருகிறது. பெயரை நம்பாத இந்த வழியே பாதுகாப்பானது.

ஒவ்வொரு செய்திக்கும் பின் ஒரு வெற்று வரி. எழுதியதே திரும்பி வருகிறது

இந்த அறிகுறியில் சற்று நேரம் செலவிடுவது தகும். இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும். என்எம்இஏ 0183 முறையில் ஒரு செய்தி டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு சரிபார்ப்பு எழுத்துகளைத் தாங்கி, சிஆர் (13), எல்எஃப் (10) என்ற இரு பைட்டுகளில் முடிகிறது. போலி ஜிபிஎஸ் நிரல் எழுதிய ஒரு செய்தியின் வால் பகுதியைப் பதின்ம எண்களில் பார்த்தால் இப்படி இருக்கும்:

42 53 65 13 10

மணி நிரல் ஸ்லேவிலிருந்து படித்ததோ இது:

42 53 65 10 10

போலி ஜிபிஎஸ் நிரலே மாஸ்டரிலிருந்து திரும்பப் படித்துப் பார்த்தால் கிடைப்பது இது:

42 53 65 13 10 13 10

மூன்றும் ஒரே செய்திதான். முனையம் பிறக்கும்போதே ஐசிஆர்என்எல் என்ற கொடி ஏற்றப்பட்டிருக்கிறது. மனிதர் என்டர் விசையை அழுத்தினால் வரும் 13-ஐ அது 10 ஆக்குகிறது. அதனால் செய்தியின் முடிவில் இரண்டு 10 வந்துவிடுகின்றன. உள்ளீட்டை வரிவரியாகத் தரும் ஐகேனான் கொடியும் ஏற்றப்பட்டிருப்பதால் முதல் 10-இல் ஒரு வரி முடிகிறது, இரண்டாவது 10 தனியாக ஒரு வெற்று வரி ஆகிறது. மணி நிரல் அந்த வெற்று வரியைச் சரிபார்க்க முயன்று, செய்தி பழுது என்று ஒவ்வொரு நொடியும் பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும். எக்கோ கொடியோ, தட்டச்சு செய்பவர் தாம் அடித்ததைத் திரையில் பார்க்க வேண்டும் என்பதற்காக, வந்ததை மாஸ்டருக்கே திருப்பி அனுப்புகிறது. திரும்பும் வழியில் ஓஎன்எல்சிஆர் கொடி ஒவ்வொரு 10-க்கும் முன் ஒரு 13-ஐச் சேர்ப்பதால்தான் மூன்றாவது வரியின் வால் அப்படி நீண்டிருக்கிறது.

மணி நிரலில் வெற்று வரியைத் தவிர்க்கும் ஒரு நிபந்தனையைச் சேர்த்து இதைச் சரிசெய்வோர் உண்டு. அது அறிகுறியை மறைக்கும் வேலை. உண்மையான சீரியல் போர்ட்டில் அந்த நிபந்தனைக்கு வேலையே இருக்காது. போலி ஜிபிஎஸ் நிரல் ஸ்லேவை ஓ_நோசிடிடிஒய் கொடியுடன் (அது தன் கட்டுப்பாட்டு முனையமாகிவிடாதபடி) தானும் ஒரு முறை திறந்து, டிசிகெட்ஆட்டரால் அமைப்பைப் பெற்று, சிஎஃப்மேக்ரா வழியாக அதை மூல நிலைக்கு (பைட்டுகளை மாற்றாமல் கடத்தும் நிலை) மாற்றி, டிசிசெட்ஆட்டரால் திரும்ப வைக்க வேண்டும். முதல் பைட்டை எழுதுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

எதிரொலியை அப்படியே விட்டுவிட்டால் வேறொரு தொல்லையும் பின்னால் வரும். போலி ஜிபிஎஸ் நிரல் எழுத மட்டுமே செய்து, மாஸ்டரை ஒருபோதும் படிக்காவிட்டால், திரும்பி வருபவை அங்கேயே தேங்கி பஃபரை நிரப்பும். அதன் பிறகு, மணி நிரல் கருவிக்கு ஏதேனும் கட்டளையை அனுப்ப முயலும்போது அதன் ரைட் அழைப்பு நின்றுவிடும். பிழை ஒரு நிரலில் இருக்க, உறைவது மற்றொரு நிரல். எனவே எதிரொலி இல்லாதபோதும் மாஸ்டரைப் படித்துக்கொண்டே இருப்பது நல்ல பழக்கம்.

முதல் செய்தி காணவில்லை, அல்லது படகு பழைய இடத்தில் நிற்கிறது

இவை இரண்டும் எதிரெதிர் அறிகுறிகள், வேர் ஒன்றே. ஸ்லேவை இன்னும் எவரும் படிக்கத் தொடங்காதபோதும் மாஸ்டரில் எழுதியவை கெர்னலில் காத்திருக்கின்றன. பாம்பன் பாலத்தருகே தொடங்கி அரிச்சல்முனை நோக்கி நகரும் ஒரு பாதையைப் போலி ஜிபிஎஸ் நிரல் ஓட்டத் தொடங்கி, மணி நிரலைத் தாமதமாக இயக்கினால், அது முதலில் பெறுவது பாம்பனின் பழைய செய்திகளையே. திறந்தவுடன் டிசிஃப்ளஷ் அழைத்து உள்வரும் பக்கத்தைக் காலி செய்வது இதற்குத் தீர்வு. மறுபுறம், டிசிசெட்ஆட்டரை டிசிஎஸ்ஏஃப்ளஷ் விருப்பத்துடன் அழைத்தால், அமைப்பு மாறும் அந்தக் கணத்தில் காத்திருந்த எல்லாம் கொட்டப்படும்; முதல் செய்தி தொலைவது பெரும்பாலும் இதனால்தான். தொலைவது சரியா தவறா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். எல்லை எச்சரிக்கைக்குப் பழைய இருப்பிடம் வேண்டாதது என்பதால், நான் கொட்டிவிடுவதையே விரும்புவேன். ஆனால் அதை விருப்பமாகச் செய்ய வேண்டும், விபத்தாக அல்ல.

யாரும் படிக்காமலே வெகுநேரம் எழுதினால் போலி ஜிபிஎஸ் நிரலும் ஒரு கட்டத்தில் ரைட் அழைப்பில் நின்றுவிடும். மாஸ்டரை ஓ_நான்பிளாக் (காத்திருக்காத நிலை) ஆக்கி, இப்போது இயலாது என்று சொல்லும் இஏஜெயின் பிழை வந்தால் அந்தச் செய்தியைக் கைவிடுவது போதும்.

இருமத் தரவில் பைட்டுகள் மறைகின்றன

செய்தி எழுத்துகளாக இருக்கும்வரை ஓடிய நிரல், கருவியின் இரும வடிவத்துக்கு மாறியவுடன் தடுமாறினால், லைன் டிசிப்ளின் இன்னும் மனிதரை எதிர்பார்க்கிறது என்று பொருள். 3 வந்தால் குறுக்கீட்டுச் சிக்னல், 4 வந்தால் உள்ளீடு முடிந்தது என்ற பாவனை, 127 வந்தால் முந்தைய பைட் அழிப்பு, 19 வந்தால் வெளியீடு நிறுத்தம், 17 வந்தால் மீண்டும் தொடக்கம். 19 செய்யும் வேலைதான் மோசம்: எந்தப் பிழையும் இன்றி எல்லாம் நின்றுபோகும். ஐகேனான் நீங்காதபோது, 4096 பைட்டுகளுக்கு மேல் நீளும் ஒரு வரியின் மிச்சமும் சொல்லாமல் வெட்டப்படும். தீர்வு மேலே சொன்ன சிஎஃப்மேக்ராதான்.

ஓடிக்கொண்டிருந்த நிரல் இஐஓ என்று சொல்லி நிற்கிறது

ஸ்லேவைத் திறந்திருந்த கடைசிச் செயல்முறை அதை மூடியதும், லினக்ஸில் மாஸ்டரைப் படிக்கும் ரீட் அழைப்பு மீதமிருந்த தரவைத் தந்துவிட்டு, பிறகு -1 தந்து இஐஓ என்று அறிவிக்கும். பிஎஸ்டி வழிவந்தவற்றிலும் மேக்ஓஎஸ்ஸிலும் அதே நேரத்தில் 0 வரும். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: மறுமுனையில் ஆள் இல்லை. கோப்பு முடிந்தால் 0 வரும் என்று படித்து வளர்ந்தவர், இஐஓவைக் கண்டதும் வன்பொருள் பழுது என்று எண்ணிக் கேபிளைத் தேடத் தொடங்குவார். இங்கே கேபிளே இல்லை. மாஸ்டரைப் படிக்கும் சுழலில் இரண்டையும் ஒரே முடிவாக நடத்துக.

தரவு வரும்வரை காத்திருக்க உதவும் போல் அழைப்பைப் பயன்படுத்துபவருக்கு இதே நிலை வேறு வடிவில் தெரியும். நிரல் நிற்காது, மாறாக ப்ராசஸரின் ஒரு கோர் முழுவதும் எரியும். மறுமுனை போய்விட்டது என்ற போல்ஹப் நிலை நீங்காமல் இருப்பதால் போல் உடனுக்குடன் திரும்புகிறது, தரவு இருக்கிறது என்ற போல்இன் கொடியை மட்டும் பார்க்கும் சுழல் ஒன்றும் செய்யாமல் மறுபடி அழைக்கிறது. போல்இன், போல்ஹப் இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் தரவைப் படித்துத் தீர்த்துவிட்டு, அதன் பிறகே பிரிவை ஏற்க வேண்டும்.

மணி நிரலைச் சோதனையின்போது மீண்டும் மீண்டும் நிறுத்தித் தொடங்குவீர்கள். ஒவ்வொரு முறையும் போலி ஜிபிஎஸ் நிரல் இஐஓவில் விழுந்தால், அது தன்னிடமும் ஸ்லேவின் ஒரு டிஸ்கிரிப்டரை மூடாமல் வைத்துக்கொள்ளட்டும். கடைசி ஆள் என்ற நிலை வராது. மணி நிரல் போனதை அறிய முடியாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. ஆய்வாளர்களைக் குழப்பும் ஒரு சிறு பொறியும் இங்கே உண்டு: வேறெவரும் ஸ்லேவைத் திறந்திராத நேரத்தில் எஸ்டிடிஒய் கொண்டு அதைப் பரிசோதித்தால், எஸ்டிடிஒய் தானே திறந்து மூடுவதால், இல்லாத பிழையை அதுவே உண்டாக்கிவிடும்.

முடிய வேண்டிய வாசிப்பு முடியவே இல்லை

இது முந்தையதற்கு நேர் எதிர். மணி நிரலைப் போலி முனையத்துக்குள் சேய்ச் செயல்முறையாக ஓட்டி அதன் வெளியீட்டைப் பதிவு செய்யும் ஒரு காவல் நிரலை எடுத்துக்கொள்வோம். சேய் முடிந்துவிட்டது, வெயிட்பிட் அதை உறுதிசெய்கிறது, ஆனால் மாஸ்டரைப் படிக்கும் ரீட் திரும்பவில்லை. ஃபோர்க்குக்கு (சேயை உருவாக்கும் அழைப்பு) முன் ஸ்லேவைத் திறந்த தாய், ஃபோர்க்குக்குப் பின் தன் பிரதியை மூட மறந்திருக்கிறது. அல்லது சேய் பின்னணியில் விட்டுச்சென்ற ஒரு பேரச் செயல்முறை இன்னும் ஸ்லேவைப் பிடித்திருக்கிறது. எஃப்டி பட்டியலில் /டெவ்/பிடிஎஸ்/ என்று தொடங்கும் இணைப்புகளைத் தேடினால் குற்றவாளி நிமிடத்தில் அகப்படும்.

மாஸ்டர் பக்கத்திலும் இதே கசிவு உண்டு. காவல் நிரல் இரண்டு சேய்களை அடுத்தடுத்துத் தொடங்கினால், இரண்டாவது சேய் முதலாவதின் மாஸ்டரையும் மரபுரிமையாகப் பெறுகிறது. தாய் அந்த மாஸ்டரை மூடினாலும் அது உண்மையில் மூடப்படவில்லை. முதல் சேய்க்கு, முனையம் போய்விட்டது என்று சொல்லும் சிக்ஹப் சிக்னல் போகாது, அது அனாதையாக ஓடிக்கொண்டே இருக்கும். மாஸ்டரைப் பெற்றவுடன் எஃப்கன்ட்ரோல் வழியாக எஃப்டி_க்ளோஎக்ஸெக் கொடியை (எக்ஸெக்கின்போது, அதாவது சேய் வேறு நிரலாக மாறும்போது, தானே மூடச் செய்வது) ஏற்றுவது இதைத் தடுக்கும்.

ஷெல் வருகிறது, ஆனால் ஜாப் கன்ட்ரோல் இல்லை. கன்ட்ரோல்-சி வேலை செய்யவில்லை

படகின் கணினியில் தொலைவிலிருந்து ஷெல் திறக்க முனையும்போது, பாஷ் தன்னால் முனையத்தின் செயல்முறைக் குழுவை அமைக்க முடியவில்லை என்று முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்தால், அந்த முனையம் சேயின் கட்டுப்பாட்டு முனையமாக (கன்ட்ரோல்-சி போன்ற சிக்னல்களை அதற்கு அனுப்பும் முனையம்) ஆகவில்லை. சேயில் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம்: முதலில் புதிய செஷனைத் தொடங்கி சேயை அதன் தலைவராக்கும் செட்சிட், பிறகு ஸ்லேவைத் திறத்தல், பிறகு அதைக் கட்டுப்பாட்டு முனையமாக்கும் டிஐஓசிஎஸ்சிடிடிஒய் ஐஆக்டில், பிறகு டியூப்2 கொண்டு 0, 1, 2 ஆகியவற்றில் பொருத்துதல், மிஞ்சிய டிஸ்கிரிப்டர்களை மூடுதல், கடைசியாக எக்ஸெக். லினக்ஸில், செஷன் தலைவர் ஓ_நோசிடிடிஒய் இல்லாமல் திறந்தாலே அந்த முனையம் கட்டுப்பாட்டு முனையமாகிவிடும். பிஎஸ்டிகளில் ஐஆக்டில் கட்டாயம். இரண்டிலும் ஓட வேண்டுமானால் எப்போதும் அழைத்துவிடுங்கள். செட்சிட் இபெர்ம் (அனுமதி இல்லை) பிழை தந்தால், அதை அழைத்தவர் ஏற்கெனவே ஒரு குழுவின் தலைவர், அதாவது ஃபோர்க்குக்கு முன்பே அழைத்துவிட்டீர்கள். செயல்முறைகளைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் டிடிஒய் நெடுவரிசையில் கேள்விக்குறி இருப்பது இதற்கெல்லாம் சாட்சி.

கன்ட்ரோல்-சி சேயை விடுத்து உங்கள் நிரலையே கொன்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் முனையம் இன்னும் மூல நிலைக்கு மாறவில்லை. அது மாறினால்தான் 3 என்ற பைட் அப்படியே மாஸ்டரில் எழுதப்பட்டு, உள்முனையத்தின் லைன் டிசிப்ளின் அதைச் சிக்னலாக்கும். வெளியேறும்போது பழைய அமைப்பைத் திரும்ப வைக்காவிட்டால், உங்கள் திரையில் வரிகள் படிக்கட்டுகளாகச் சரியும். எஸ்டிடிஒய் சேன் அதை மீட்கும். திரை அளவு தொடக்கத்தில் 0-க்கு 0 என்பதால், எக்ஸெக்குக்கு முன் டிஐஓசிஎஸ்வின்எஸ்இசட் கொண்டு அதை அமைக்க வேண்டும்.

கடைசி வரிகள் தொலைகின்றன

சேய் முடிந்ததை அறிவிக்கும் சிக்சைல்டு சிக்னல் வந்தவுடன் காவல் நிரல் வெளியேறினால், சேய் கடைசியாக எழுதியவை மாஸ்டரின் பஃபரில் படிக்கப்படாமல் கிடந்து அழிகின்றன. அலறி விழுந்த நிரலின் கடைசி வரிதான் நமக்கு வேண்டியது. சேயின் மரணத்தை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, இஐஓ அல்லது 0 வரும்வரை படியுங்கள்.

சில நாட்களுக்குப் பின் புதிய முனையம் கிடைக்கவில்லை

கெர்னலின் உச்ச வரம்பு இயல்பாக 4096. ப்ராக் அடைவில் சிஸ்/கெர்னல்/பிடிஒய் என்பதன் கீழ் மேக்ஸ், என்ஆர் என்ற இரு கோப்புகள் வரம்பையும் தற்போதைய எண்ணிக்கையையும் காட்டும். என்ஆர் ஏறிக்கொண்டே போனால், மூடப்படாத மாஸ்டர்கள் இருக்கின்றன; வரம்பை உயர்த்துவது வீழும் நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

கரையில் ஓடுகிறது, படகில் ஓடவில்லை

போலி முனையத்துக்கு வேகம் கிடையாது. சிஎஃப்செட்ஸ்பீடு கொண்டு 4800 என்று வைத்தால் அந்த எண் சேமிக்கப்படும். பைட்டுகள் அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். உண்மையான என்எம்இஏ 0183 இணைப்பில் 4800 பாட் என்றால், தொடக்க, முடிவு பிட்டுகளைச் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட், ஆகவே நொடிக்கு 480 பைட். உச்ச நீளமான 82 எழுத்துச் செய்திக்கு 0.17 நொடி பிடிக்கிறது. நொடிக்கு ஐந்து முழுச் செய்திகளுக்கு மேல் அதில் போகாது. எட்டுச் செய்திகளை ஒரே நொடியில் தள்ளிச் சோதித்த நிரல், படகில் பின்தங்கிக்கொண்டே போகும் கருவியைத்தான் காணும்.

அதைவிடப் பொதுவானது இன்னொன்று. மாஸ்டரில் ஒரு ரைட்டில் எழுதிய செய்தி, மூல நிலையிலும் ஸ்லேவில் பெரும்பாலும் ஒரே ரீட்டில் வந்து சேர்கிறது. இதைப் பார்த்துப் பழகியவர், ஒரு ரீட் என்றால் ஒரு செய்தி என்று மணி நிரலை எழுதிவிடுகிறார். உண்மையான போர்ட்டில் செய்தி துண்டுதுண்டாக வரும்போது சரிபார்ப்பு எழுத்துகள் பொருந்தாமல், மணி அடிக்க வேண்டிய இடத்தில் மௌனமாக இருக்கும். இதைக் கரையிலேயே பிடிக்கலாம். போலி ஜிபிஎஸ் நிரலில் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே எழுதி, நடுவில் நானோஸ்லீப் கொண்டு 2083 மைக்ரோ நொடி காத்திருக்கச் செய்யுங்கள்; 4800 பாட் அளவு ஏறக்குறைய அதுதான். சில செய்திகளை நடுவில் வெட்டி, மிச்சத்தை அரை நொடி கழித்து அனுப்பும் ஒரு விருப்பத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

மோடம் கம்பிகளின் நிலையைக் கேட்கும் டிஐஓசிஎம்கெட் போலி முனையத்தில் பிழை தரும். அங்கே கேட்பதற்குக் கம்பிகள் இல்லை. மணி நிரல் அந்தப் பிழையைக் கண்டு வெளியேறினால், அதைப் பதிவு செய்துவிட்டுத் தொடரும்படி மாற்றுங்கள். கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்ற சோதனைக்கு மட்டும் ஒரு யூஎஸ்பி-சீரியல் மாற்றியும் உண்மையான கேபிளும் தேவைப்படும்.